தண்ணீர் நிற்காத பிளாக்

மழைக்காலம் வந்தால் மாநகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வீடு வீடாக வருவார்கள். தொட்டி, டிரம், பூந்தொட்டி, தேங்காய்ச் சிரட்டை என்று தண்ணீர் தேங்குகிற எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார் இன்ஜின் பிளாக் இருக்கிறது. நாலு பெரிய துளையும் அவற்றைச் சுற்றி நிறையச் சின்னத் துளைகளும் கொண்ட வார்ப்பிரும்பு. இந்த முறை வந்த பெண் அதற்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "நீரே நில்லல்வா அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டாள். தண்ணீரே நிற்காதா என்று கேட்கிறாள். நிற்காது என்றேன். அவள் சுவரில் சாக்கட்டியால் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் நிற்காது என்று அவள் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், இப்போது வேலை செய்கிற தையல் கடையிலும் அப்படித்தான். எழுதினால் கொஞ்சம் வரும். என் வயதுக்காரர்கள் யாராவது படித்தால் போதும். கேசட்டில் நாடா சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றியவர்கள், டர்போ என்ற சொல்லை வேன்களின் பின்கண்ணாடியில் மட்டும் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்குப் புரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அந்தப் பிளாக் வந்த வருடம், எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. அம்மா இறந்து வருடம் திரும்பவில்லை. மைசூரில் தசராவுக்குப் பண்டிகை இல்லாத வீட்டுப் பிள்ளையாக இருப்பது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எல்லா வீட்டுக்கும் விருந்தாளிகள் வருவார்கள். பக்கத்து வீட்டில் பொம்மை அடுக்கியிருந்தார்கள். சுண்டல் வாங்க வா என்று கூப்பிட்டார்கள். ஆனால் நான் வாசற்படியில் நின்றதும் அந்த வீட்டுப் பெரியம்மா முகம் மாறிவிட்டது. கூப்பிட்டபோது மறந்துவிட்டார்கள் போல. சுண்டலை வெளியிலேயே கொண்டுவந்து கையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

வீட்டில் அப்பா, அண்ணன், நான். அப்பா கொள்ளேகால் பக்கத்துக்காரர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அண்ணன் ஒரு கராஜில் மெக்கானிக். அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோன அன்று அண்ணன் வெளியூரில் மண்பாதைக் கார்ப் பந்தயத்தில் கராஜ் வண்டியோடு இருந்தான். சேதி சொல்ல ஆள் அனுப்பி அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் முடிந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டார். "சோறு போடச் சொல்லு", "அவன் வந்துட்டானான்னு பாரு" எல்லாம் என் வழியாகத்தான். அண்ணனும் "அப்பா கிட்ட சாவி கேளு புட்டி" என்பான். புட்டி என்றால் கன்னடத்தில் சின்னப்பெண், என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அப்பா மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கேட்டு வாங்கிக் கொடுப்பேன்.

அண்ணன் என்னிடம் மட்டும் பேசுவான். அவனுக்கும் வேறு ஆள் இல்லை. சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது தரையில் உட்கார்ந்துகொண்டு கார் கதைதான். கராஜ் முதலாளி ஒரு பழைய காரைப் பந்தயத்துக்காக உரித்துப் போட்டிருந்தார். விபத்தில் நொறுங்கிய வெளிநாட்டு ஜீப்பிலிருந்து ஒரு டர்போ கிடைத்திருந்தது. நல்ல பிளாக் ஒன்று மட்டும் வேண்டும். அதன் மேல் இன்ஜினைக் கட்டி டர்போவை மாட்டினால் வண்டி பறக்கும் என்றான்.

"பறந்தா என்ன?" என்று கேட்டேன்.

"தசரா முடிஞ்சு வர்ற பந்தயத்துல நின்னு போகாம முடிச்சிட்டா, பின்னாடி ஷெட்டை எனக்கே விட்டுத் தரேன்னு முதலாளி சொல்லியிருக்கார். ஜெயிக்கக்கூட வேணாம், முடிச்சாப் போதும்."

"முடிக்கலேன்னா?"

"கோயம்புத்தூர்ல ஒரு ரேஸ் கராஜ்ல கூப்பிட்டிருக்காங்க. போயிடுவேன். இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது புட்டி."

அவன் போய்விட்டால் அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பாவுக்கு ஷிப்ட். அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எழும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அது ஓடவேண்டும் என்று அண்ணனைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

பிளாக் எப்படிப் பொறுக்கவேண்டும் என்று அவனே சொன்னான். "சாதாரண இன்ஜின் தானா மூச்சு இழுக்கும். டர்போ அப்படி இல்ல, காத்தை உள்ள திணிக்கும். அதனால துளைச் சுவர் தடியா இருக்கணும். ஓடி ஓடித் தேஞ்ச துளையை லேத்துல குடைஞ்சு பெரிசாக்குவாங்க, அதுதான் போர் போடறது. ஒரு தடவ, ரெண்டு தடவ குடைஞ்சா சுவர் சன்னமாயிடும். பாக்க வழுவழுன்னு புதுசு மாதிரி இருக்கும். அதுல ஏமாறக் கூடாது. மேல் விளிம்புல நகம் மாட்டுதுன்னா தேஞ்சிருக்கு, ஆனா யாரும் குடையல. எனக்கு அதுதான் வேணும்." தட்டினால் தடிச் சுவருக்கும் சன்னச் சுவருக்கும் சத்தம் எப்படி மாறும் என்று காட்டுவதற்கு அம்மாவின் பித்தளை டம்ளரையும் எவர்சில்வர் டம்ளரையும் எடுத்துச் சுண்டினான். பித்தளை டம்ளர் இப்போது இல்லை. எப்போது போனது, யார் எடுத்தார்கள் என்று நினைவில்லை.

மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரே மாதிரி இரண்டு ஜப்பான் பிளாக் வந்திருப்பதாகச் சேதி வந்தது. அன்று ஆயுத பூஜை. காலையில் அண்ணன் செருப்பு மாட்டும்போது என்னையும் வரச்சொன்னான், வீட்டில் தனியாக இருக்கவேண்டாமே என்று. அப்போது அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, "நானும் வர்றேன்னு சொல்லு கண்ணு" என்றார்.

அண்ணன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். மூன்று பேரும் நடந்தோம். அப்பா முன்னால், அண்ணன் பின்னால், நான் நடுவில்.

தெருவெல்லாம் வெள்ளைப் பூசணிக்காய் உடைத்துச் சிவப்பாகக் கிடந்தது. ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். இரும்புக் கடைக்காரர் ஒரு பாய். ஆனால் வேலை செய்கிற பையன்களுக்காக அவர் கடையிலும் பூஜை உண்டு. முதல் நாளே கடையைக் கழுவி, முன்வரிசைச் சாமான்களுக்கெல்லாம் அலுமினியப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கியர்பாக்ஸ், டைனமோ, அச்சு எல்லாம் மாப்பிள்ளை மாதிரி சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு இன்ஜின் பிளாக், வெள்ளியாக, செண்டுமல்லிச் சரம் சுற்றி. ஊதுவத்தி வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்து எனக்குத் தலை சுற்றியது.

"வாங்க சார், நல்ல நாள்ல வந்திருக்கீங்க" என்றார் பாய், எங்கள் கையில் பொரியும் வெல்லமும் வைத்து. "இது ஒண்ணு. இன்னொண்ணு பின்னாடி கோணிக்குக் கீழ கிடக்கு. அதுக்குப் பெயின்ட் பத்தல."

அண்ணன், "பாய், வெர்னியர் கொடுங்க. ஒரு சுத்தியும்" என்றான்.

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ, இவத்து ஒரு நாள் கேக்காதப்பா. டூல் எல்லாம் சாமி முன்னாடி. இன்னிக்கு ஸ்பேனரைத் தொட்டா நம்ம ஹுடுகருங்க, இந்தப் பசங்க, அப்புறம் வேலைக்கே வரமாட்டாங்க. கண்ணால பாரு, கையால பாரு."

"எங்க கராஜ்லயும் அப்படித்தான் வெச்சிருக்கு. சரி, நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கு யானை ஊர்வலம். இந்தப் பக்கம் சைக்கிள்கூட வராது. அதுக்கு அடுத்த நாள் பெங்களூர்ப் பார்ட்டி வர்றாங்க. எது மிஞ்சும்னு நான் சொல்ல முடியாது. அப்புறம் உன் பாடு."

அளக்கிற கருவி, தட்டுகிற கருவி எதையும் தொடக்கூடாத ஒரே நாளில் நாங்கள் இன்ஜின் பிளாக் பொறுக்கப் போயிருந்தோம்.

பாய் அப்பாவை டீ குடிக்க உட்காரவைத்தார். அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். கோணியை விலக்கினால் துருப்பிடித்த பிளாக், எண்ணெயும் மண்ணும் அப்பிக்கொண்டு. "நகத்தை வை" என்றான். துளையின் மேல் விளிம்பில் என் நகம் படியில் தடுக்கின மாதிரி மாட்டியது. அண்ணன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது. பிறகு சுற்றிலும் தேடினான். அந்தக் கடையில் பூஜைக்கு வைக்காத ஒரே சாமான் மூலையில் கிடந்த துடைப்பம். அதிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, துளைக்குக் குறுக்கே வைத்து, பொருந்துகிற அளவுக்குக் கிள்ளினான். இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு கச்சிதமாக நின்றது.

அதே ஈர்க்கை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, பூமாலை போட்ட பிளாக்கின் துளையில் வைத்தான். நிற்கவில்லை. ஆடிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. "பாத்தியா, நல்லாக் குடைஞ்சு விட்டிருக்காங்க. ஸ்கூட்டர் மாதிரி மெதுவா ஓட்டறவனுக்கு சரி. நமக்கு ஆகாது" என்று என் காதில் சொன்னான்.

அப்போது அப்பா வந்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிப் பிளாக்கின் துளைக்குள் மெதுவாகக் கையை விட்டார். உள்பக்கமெல்லாம் தடவினார். அம்மா வெண்கலப் பானை வாங்கும்போது அப்படித்தான் தடவிப் பார்ப்பாள்.

"வழுவழுன்னு இருக்குது" என்றார். பின்பக்கம் போய் மற்றதையும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம் சொல்லவில்லை. நேராக அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அது எழவு வீட்டுச் சாமானாட்ட கெடக்குது. இதுதான் லட்சணமா இருக்குது. நம்ம வீட்டுக்குள்ள பூப் போயி ஒரு வருசமாகப் போகுது. இன்னிக்கு இது பூவோட போகட்டும் சாமி. இதையே எடுத்துக்கோ."

அண்ணனை அப்பா சாமி என்று கூப்பிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கையில் ஈர்க்கு இருந்தது. என் பக்கம் பார்த்து, எதுவும் சொல்லாதே என்று கண்ணால் சொன்னான். ஈர்க்கை விரலால் ஒடித்துக் கீழே போட்டான்.

"சரிப்பா" என்றான்.

பாய் நியாயமானவர். "ஒரு நாள் பொறுத்து அளந்து பாத்து எடுங்க சார், நான் பெங்களூர்க்காரங்களுக்கு ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார். அண்ணன்தான், "வேணாம் பாய், அப்பா பாத்துட்டார்" என்றான்.

லக்கேஜ் ஆட்டோவின் பின்னால் பிளாக்கை ஏற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். வளைவுகளில் அது நகராமல் இருக்க அப்பா ஒரு கையும் அண்ணன் ஒரு கையும் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மாலை கழன்று விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். "டீ குடிக்கலாமா?" என்றார் அப்பா. "இப்பத்தானே கடையில குடிச்சீங்க" என்றான் அண்ணன். "அது பாய் குடுத்தது. நம்ம டீ குடிக்கோணுமில்ல?" என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். ஆட்டோவை நிறுத்தி டீ குடித்தோம். எனக்குப் பன் வாங்கிக்கொடுத்தார்கள். அம்மா போன பிறகு என்னை நடுவில் வைக்காமல் அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அன்றுதான். நான் பன்னைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி நிறைய எழுதலாம். எனக்கு எழுத விருப்பமில்லை. நன்றாக இருந்த நாட்கள் அவை. அப்பா ஷிப்ட் முடிந்து கராஜுக்குப் போய் விளக்குப் பிடிப்பார். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். "உப்புக் கம்மி புட்டி" என்று அண்ணன் சொன்னால், "பொண்ணு ஆக்கிப் போடறதே பெருசு, தின்னுடா" என்று அப்பா சொல்லுவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன். ஒரு நாள் கராஜ் முதலாளி அண்ணனிடம், "டர்போவை இவ்வளவு கம்மியா வெச்சா என்னத்துக்குப்பா டர்போ?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "கம்மியா ஊதினா தாங்கும் சார். முடிச்சாப் போதும்ல" என்றான் அண்ணன். நகம் மாட்டின பிளாக் என்ன ஆனது என்று கேட்டேன். பெங்களூர்க்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்களாம்.

பந்தயம் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் நடந்தது. கயிறு கட்டி மண்பாதை போட்டிருந்தார்கள். வண்டி கிளம்பும்போது டர்போவின் சத்தம் கேட்டது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் உஸ்ஸென்று மூச்சு விடுமே, அந்தச் சத்தம். அப்பா கம்பெனிச் சட்டையோடு கயிற்றோரம் நின்று, "என்ற பையன்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் சுற்றுகளில் அண்ணன் நிதானமாகத்தான் ஓட்டினான். பின்னால் வந்த வண்டிகள் தாண்டிப் போயின. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி, "அழுத்து சாமி, அழுத்து!" என்று கத்தினார். அந்தத் தூசியில் அண்ணன் அதைப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. உஸ்ஸென்ற சத்தம் கூடியது. வண்டி அடுத்த வளைவுக்குள் போனது. வளைவிலிருந்து வெளியே வந்தபோது பின்னால் வெள்ளையாகப் புகை. நாங்கள் இருந்த இடத்துக்கு வருவதற்குள் நின்றுவிட்டது.

அப்பா ஓடினார். நானும் ஓடினேன். பானட்டைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அண்ணன் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான். தண்ணீர் கலந்து எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தது.

"என்னாச்சு? நான் பொறுக்குனது சரியில்லையா?" என்றார் அப்பா.

"சேச்சே. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுப்பா. ஒரு தகடுதான், அது எந்த வண்டிக்கும் போகும். பிளாக் தங்கமாட்டம் இருக்கு" என்றான் அண்ணன்.

முதலாளி பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பின்பக்க ஷெட் வேறு ஆளுக்குப் போனது.

அண்ணன் இன்ஜினைத் திறக்கவே இல்லை. அந்த வாரமே கோயம்புத்தூர் பஸ் ஏறினான். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார், டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், வழியில் திம்பம் இறக்கத்தில் வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். சண்டை எதுவும் இல்லை. "சீக்கிரம் வந்துடுவேன் புட்டி" என்று என் தலையைத் தட்டினான். அந்த வயதில் அதை நம்புவோம், இல்லையா?

அவன் போன பிறகு அப்பாவுக்கு ஒரே நினைப்பு. "ஒரு தகடுதானே? அதை மாத்தி வண்டியை ஓட்டிக் காட்டுனா முதலாளி மனசு மாறுவாரு. பையனை வரச் சொல்லிடலாம்." என்னிடம் தினமும் இதைச் சொல்லுவார். முதலாளியிடம் கெஞ்சி இன்ஜினைத் திறக்கச் சொன்னார். தகடு நன்றாக இருந்தது. பிளாக்கைத் துளை குடைகிற கடைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே பக்கவாட்டு வழிகளையெல்லாம் அடைத்து, பெரிய துளைகளைச் சுற்றியிருக்கிற சின்னத் துளைகளில் மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் காட்டினார்களாம். மூன்றாவது பெரிய துளையின் உள்சுவரில் அடிவரை மயிரிழையாக ஒரு விரிசல். அதிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. கடைசி அளவுவரை குடைந்த பிளாக், இதில் டர்போ மாட்டச் சொன்னது யார் என்று கேட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அப்பா அதை லக்கேஜ் ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்தார். இரண்டு ஆள் பிடித்துக் கொல்லையில் இறக்கினார்கள். அவர்கள் போன பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, கடையில நீ அவங்கூடவே இருந்தியல்ல. அவனுக்கு இது தெரியுமா?"

நான் ஈர்க்கைப் பற்றிச் சொன்னேன். ஒன்றில் நின்றது, மற்றதில் விழுந்தது, பிறகு அவன் ஒடித்துப் போட்டது.

அப்பா பிளாக்கைத் திரும்பிப் பார்த்தார். பெயின்ட் அங்கங்கே கருகியிருந்தது. குங்குமப் பொட்டின் அடையாளம் மட்டும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது.

"அப்ப அவன் அங்கயே இருக்கட்டும்" என்றார். "இங்க வந்தா என்ற மூஞ்சியப் பாத்துட்டு மறுபடியும் சரிப்பான்னு சொல்லுவான். அங்கயாவது அவன் பாத்ததை அவன் எடுக்கட்டும். நீ அவங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. தகடுன்னே இருக்கட்டும்."

அண்ணனை வரச்சொல்லி அப்பா அதன் பிறகு ஒரு நாளும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் அவனும் இங்கேயே இருக்க வரவில்லை. அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்திருப்பான். தீபாவளிக்கு வருவான், போவான். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள், பிறகு சொந்தமாக ஒரு கராஜ். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தார்கள். இப்போது என் வயதில் அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நான். யாரிடமும் சாவி வாங்கி யாரிடமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறக்கிறபோது உள்ளேயிருந்து வருகிற அந்த அமைதி உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும்.

அப்பா அந்தப் பிளாக்கை எடைக்குப் போடவில்லை. அது எப்படிக் கொல்லைக்கு வந்தது என்று அண்ணன் கேட்டபோது, கராஜில் சும்மா கிடந்தது, கொண்டுவந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைக் கழுவிச் செண்டுமல்லிச் சரம் சுற்றுவார். அடைத்த வழிகள் அடைத்தபடியே இருப்பதால் மழை பெய்தால் சின்னத் துளைகளில் மேல்வரை தண்ணீர் நிரம்பும், பிறகு அந்த விரிசல் வழியாகக் கசிந்துவிடும். விடிந்து பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. இந்த மழைக்காலத்தில் அண்ணன் வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கொல்லையில் பல் விளக்கிக்கொண்டே பிளாக்கைப் பார்த்தான். குனிந்து மூன்றாவது துளைக்குள் விரலை விட்டுத் தடவினான். அந்த மயிரிழை அவன் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

"புட்டி, அப்பா கடைசி வரைக்கும் கேஸ்கெட்னுதானே நினைச்சிட்டிருந்தார்?"

அவன் முதுகைத்தான் பார்த்தேன்.

"ஆமாண்ணா" என்றேன்.

"நல்லது" என்று சொல்லி வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

அன்று மத்தியானப் பஸ்ஸுக்கு அவன் போனான். போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வரை விடாமல் பெய்தது. நான் அடுப்படி வாசலில் நின்று, பிளாக் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் துணி துவைக்கப் போனபோது அது காய்ந்து கிடந்தது.